நாலு கரைக்கும் ஒரு கச்சேரி

திருவாரூர் கமலாலயத்தின் மேல்கரைப் படிக்கட்டில் இரவு ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்திருந்தால் முதலில் காதுக்கு எட்டுவது தவில். நாதஸ்வரம் கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருட்டில் விளக்குச் சரங்களாக ஒரு மண்டபம் தெரியும். அது நிற்கிறதா நகர்கிறதா என்று கண்ணுக்குப் பிடிபடாது. பக்கத்துப் படியில் பேரனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும் பாட்டி, "தென்கரை திரும்பிருச்சு" என்பார். அதற்குப் பிறகுதான் நமக்கும் தெரியும், தெப்பம் வந்துகொண்டிருக்கிறது என்று.

நான் போயிருந்த அன்று வாசித்தது தோடி. அக்கரையில் இருந்தபோது அது வெறும் ரீங்காரமாக இருந்தது. தென்கரை ஓரமாக ஊர்ந்து, மூலை திரும்பி எங்கள் பக்கம் வந்ததும் ஒவ்வொரு கமகமும் தனித்தனியாகப் பிரிந்து விழுந்தது. தெப்பம் படிக்கட்டுக்கு நேராக வந்த அந்தச் சில நிமிடங்களில் எல்லாம் பக்கத்தில் தெரிந்தன: நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்பி அடங்குவது, தவில்காரரின் விரல்களில் மாட்டிய வெள்ளைக் கூடுகள், தாளம் தட்டிக்கொண்டிருந்த பையனின் கண்ணில் தூக்கம். வாத்தியத்தில் கட்டித் தொங்கவிட்ட சீவாளிக் கொத்து ஒவ்வொரு பிர்க்காவுக்கும் ஆடியது. பிறகு தெப்பம் வடகரைப் பக்கம் நகர்ந்தது. தோடியும் கூடவே போனது. எங்களுக்கு விட்டுப்போன மிச்சத்தை வடகரைக்காரர்கள் கேட்டார்கள்.

ஒரு ராகத்தை ஓர் ஊரே இப்படிப் பங்கு போட்டுக்கொண்டு கேட்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பங்குனி உத்திரப் பெருவிழாவில் ஆழித்தேர் ஓடுவது உலகத்துக்கே தெரியும். 96 அடி உயரம், ஏறத்தாழ 300 டன் எடை, ஆயிரக்கணக்கானோர் பிடிக்கும் வடம் என்று அந்தத் தேர் எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. தேருக்குப் பிறகு, கோடை ஏறிய நாட்களில், அதே பெருவிழாவின் நிறைவாக வருவது தெப்பத் திருவிழா. மூன்று இரவு, இரவுக்கு மூன்று சுற்று. பார்வதியோடு கல்யாணசுந்தரர் தெப்பத்தில் எழுந்தருள, அவர் முன்னிலையில் தெப்பத்திலேயே கச்சேரி நடக்கும். தேரைப் பற்றி எழுதப்பட்டதில் நூறில் ஒரு பங்குகூட தெப்பத்தைப் பற்றி எழுதப்படவில்லை. இந்த வாரம் அந்தக் கடனைக் கொஞ்சமாவது தீர்க்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஐந்து வேலித் தண்ணீர்

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பது திருவாரூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் கணக்கு. வேலி என்பது தஞ்சைச் சீமையின் நில அளவு, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 6.67 ஏக்கர். ஐந்து வேலி என்றால் 33 ஏக்கர். சுவாமி குடியிருக்கும் இடத்துக்கு எவ்வளவு நிலமோ அவ்வளவு தண்ணீருக்கும் ஒதுக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் இந்த ஊரைக் கட்டியிருக்கிறார்கள்.

குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. மேல்கரையில் உட்கார்ந்தால் தண்ணீருக்கு அப்பால் மேலக் கோபுரம் நேர் எதிரே நிற்கும், அதன் நிழல் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கும். நடுக்குளத்தில் ஒரு சின்னத் தீவு, அதில் நாகநாதர் கோயில். ஊர்க்காரர்களுக்கு அது நடுவாண் கோயில். தெப்பம் வலம் வருவது இந்தத் தீவைச் சுற்றித்தான்.

இந்தக் குளத்துக்குக் கதைகள் ஏராளம். கண் பார்வை இல்லாத தண்டியடிகள் கயிற்றைத் தடவித் தடவி மண் சுமந்து குளத்தைப் பெரிதாக்கினார் என்கிறது பெரியபுராணம். திருமுதுகுன்றத்தில் கிடைத்த 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு இங்கே கமலாலயத்தில் இறங்கித் தேடி எடுத்தார் என்பதும் அதே புராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தப் பேச்சின் ஊற்று இந்தப் படிக்கட்டுதான். எடுத்த பொன்னுக்கு மாற்று உரைத்துப் பார்த்த மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் கரையில் இருக்கிறார்.

போன நூற்றாண்டின் கதையும் ஒன்று உண்டு. பள்ளியில் இடம் தராவிட்டால் கமலாலயத்தில் குதித்துவிடுவேன் என்று தலைமையாசிரியரிடம் அடம்பிடித்துச் சேர்ந்த சிறுவன் பின்னாளில் ஐந்து முறை தமிழ்நாட்டின் முதலமைச்சரானார். தோழனோடு இதே குளத்தில் நடுவாண் கோயிலை நோக்கி நீந்தியதையும் கலைஞர் மு. கருணாநிதி தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். முக்கால்வாசித் தூரம் போன பிறகு தோழனுக்குக் கை ஓய்ந்துவிட்டது, திரும்பினால்தான் தூரம் அதிகம் என்று அவனையும் தேற்றிக் கூட்டிக்கொண்டு கரையேறினாராம்.

நாயன்மார் கதையும் நாத்திகர் கதையும் ஒரே தண்ணீரில் கிடக்கின்றன. இந்தக் குளம் எல்லோருக்கும் வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பீப்பாய் மேல் ஒரு மண்டபம்

தெப்பம் கட்டுவதைப் பகலில் போய்ப் பாருங்கள். இரவு பார்க்கும் அழகுக்குள் எத்தனை கை இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

அடித்தளம் முழுக்கக் காலி இரும்புப் பீப்பாய்கள், நூற்றுக்கணக்கில். கணக்கு எளிமையானது. 200 லிட்டர் பிடிக்கும் ஒரு பீப்பாய் முழுக்கத் தண்ணீரில் அழுந்தினால் 200 கிலோவைத் தாங்கும். அதன் சொந்த எடை 20 கிலோ போனால் மிச்சம் 180. நூறு பீப்பாய் கட்டினால் 18 டன் வரை மூழ்காது. ஆனால் முழுக்க அழுந்த விட முடியாதே! பாதிக்கு மேல் நீரில் இறங்காத அளவுக்குப் பாரத்தை வைத்தால்தான் மேலே நிற்பவருக்குத் தள்ளாட்டம் தெரியாது. அதனால் இரண்டு மடங்குக்கும் மேல் பீப்பாய் வேண்டியிருக்கிறது. மூடி சரியாக இறுகியிருக்கிறதா, எங்காவது துரு தின்றிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல பீப்பாய்க்கு ஒரு சத்தம், ஓட்டைக்கு ஒரு சத்தம். தவிலின் வலந்தலையைத் தட்டிச் சுருதி பார்ப்பதற்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

பீப்பாய்களை வரிசையாக அடுக்கி, மேலே கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டுக் கயிற்றால் பிணைத்து, அதன்மேல் பலகை பரப்புகிறார்கள். பலகைக்கு மேல் தூண்கள், தூண்களுக்கு மேல் விதானம், விதானத்தைச் சுற்றித் தொம்பை, துணிச் சிற்பம், வண்ணக் காகிதம், வாழை, தென்னங்குருத்துத் தோரணம், மின்விளக்கு. தண்ணீருக்குள் இறங்கி முடிச்சுப் போடுகிறவர்கள் மணிக்கணக்கில் கழுத்தளவு நீரில் நிற்கிறார்கள். விழா அழைப்பிதழில் அவர்கள் பெயர் வருவதில்லை. வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இரவில் தெப்பத்தை நகர்த்துவது மனிதக் கைகள். கரையோரம் நிற்பவர்கள் வடத்தைப் பிடித்து இழுக்க, தெப்பத்தின் மேலிருந்து கழி ஊன்றித் தள்ளுவார்கள். ஐந்து வேலிக் குளத்தில் ஒரு சுற்று என்பது ஒரு கிலோமீட்டருக்குக் குறையாது. ஆமை வேகம். அந்த வேகம்தான் இந்த விழாவின் உயிர். எந்திரப் படகு கட்டி இழுத்தால் கால் மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும், ஓர் ஆலாபனை பாதியில் நிற்கும். கைகள் இழுக்கும் வேகமும் ராகம் விரியும் வேகமும் ஒன்றாக இருக்கின்றன.

மூவர் பிறந்த மண்ணில்

சியாமா சாஸ்திரி 1762-இல், தியாகராஜர் 1767-இல், முத்துசுவாமி தீட்சிதர் 1775-இல். பதின்மூன்று வருட இடைவெளிக்குள் மூவரும் இதே ஊரில் பிறந்தார்கள். தியாகராஜருக்குப் பெயரே இந்த ஊர்ச் சுவாமியின் பெயர். தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆறு காலப் பூஜையிலும் வாத்தியம் ஒலிக்கும் கோயில், வீதிக்கு வீதி இசை தெரிந்த குடும்பங்கள், புறப்பாடு தவறாத நாட்கள் என்று ஊர் முழுக்க நாதம் ஊறிக் கிடந்தால் பிள்ளைகள் அதைத்தான் மூச்சாக இழுப்பார்கள்.

மூவரில் தீட்சிதரைக் கமலாலயத்திலிருந்து பிரிக்கவே முடியாது. அவருடைய தந்தை ராமசாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி ராகத்தைத் தந்தவர் என்று போற்றப்படுபவர், திருவாரூரில் தங்கி இந்தக் கோயிலின் நாதஸ்வர முறையை ஒழுங்குபடுத்தியவர் என்றும் சொல்லப்படுகிறது. மகன் இந்தக் கோயில் அம்மன் கமலாம்பாள் மீது நவாவரணக் கீர்த்தனைகளையே பாடிவைத்தார். அவருடைய சீடர்கள் யார் என்று பாருங்கள். தஞ்சை நால்வர், இதே ஊரின் நாட்டியக் கலைஞர் கமலம், கோயிலில் சுத்த மத்தளம் வாசித்த தம்பியப்பன். தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி வந்தபோது அவருக்காக குரு பகவான் மீது பாடிய கீர்த்தனையிலிருந்துதான் நவக்கிரகக் கீர்த்தனைகள் தொடங்கின என்பது சங்கீத உலகம் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வீட்டுத் திண்ணையில் பிறந்த பாட்டு, கோயில் வாத்தியக்காரர் கைக்கும் ஆடுமகளிர் காலுக்கும் போய், அங்கிருந்து வீதிக்கு வந்திருக்கிறது.

இந்தக் கோயிலில் மட்டும் வழங்கிவரும் வாத்தியங்களை வைத்தே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். பஞ்சமுக வாத்தியம் என்று ஒன்று. பெரிய வெண்கலக் குடம், அதற்கு ஐந்து வாய், ஐந்திலும் தோல். சிவனுடைய ஐந்து முகங்கள் என்பார்கள். திருவாரூரை விட்டால் திருத்துறைப்பூண்டியில் அதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதன் நடுமுகத்தில் அடி விழும்போது ஒலி காதில் கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் கேட்கும்.

நாதஸ்வரத்தில் புறப்பாட்டுக்கென்று மல்லாரி இருக்கிறது. கம்பீர நாட்டையில், சாகித்தியமே இல்லாமல், தாளச் சொற்கட்டின்மேல் நிற்கும் இசை. தெரிந்தவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் சுவாமி இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிடும். தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று, தெப்பத்துக்கும் ஒன்று. சுவாமி தண்ணீரில் ஏறிய பிறகு ஓடம் என்று சொல்லப்படும் படகுப் பாட்டு மெட்டுகளை வாசிப்பதும் பழைய வழக்கம். தியாகராஜர் யமுனையில் கண்ணனும் கோபியரும் ஓடம் விட்டதை நௌகா சரித்திரம் என்ற இசை நாடகமாகவே எழுதினார். படகும் பாட்டும் காவிரிக் கரைக்காரர்களுக்குப் பழகிய ஜோடி.

தண்ணீரின் மேல் நாதஸ்வரம் ஏன் இத்தனை இனிக்கிறது? காரணம் இல்லாமல் இல்லை. மணலும் புல்லும் மரமும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அமைதியான நீர்ப்பரப்பு உறிஞ்சாது, கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல ஒலியைத் திருப்பிவிடும். கோடை மாலையில் நீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ள காற்று சூடாகவும் இருந்தால், மேலே எழும் ஒலிகூட வளைந்து கீழே இறங்கும். நாதஸ்வரமும் திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். நரசிங்கம்பேட்டையில் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி எடுத்துக் கடைந்த குழலுக்குக் காவிரிக் கரைக் கொறுக்கைத் தட்டையிலிருந்து செய்த சீவாளி. அடைத்த அரங்கத்தில் முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்ள வைக்கும் அந்தக் குரல், 33 ஏக்கர் தண்ணீருக்கு மேல் வரும்போது தேனாகிவிடுகிறது. அதற்கான அரங்கம் இதுதான்.

கூரையில் இன்னொரு திருவிழா

தெப்பம் பார்க்கப் போகிறவர்கள் மறுநாள் காலையில் கோயிலின் தேவாசிரிய மண்டபத்துக்கும் போய் அண்ணாந்து பார்க்க வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தஞ்சை மராட்டியர் காலத்தில் தீட்டியவை என்று கருதப்படும் ஓவியங்கள் விதானத்தில் பட்டை பட்டையாக ஓடுகின்றன. குரங்கு முகம் கொண்ட முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து தியாகராஜ சுவாமியைப் பெற்று இந்த ஊருக்குக் கொண்டுவந்த கதை அது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறது. ஓவியர் சிங்காதனம் தம் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார். நம் பழைய ஓவியர்களில் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அந்த ஒரு பெயருக்காகவே நான் வெகுநேரம் அங்கே நின்றேன்.

இந்த ஓவியங்களில் எனக்குப் பிடித்தது கதை நாயகனைவிடக் கூட்டம். புறப்பாட்டின் முன்னே ஆடுகிற பெண்கள், கொம்பு ஊதுகிறவர்கள், மத்தளக்காரர்கள், வாணவேடிக்கை. ஒவ்வொரு வாத்தியத்தையும் அதை வாசிப்பவர் எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதையும் சிங்காதனம் அக்கறையாகப் பார்த்திருக்கிறார். முந்நூறு வருடத்துக்கு முன் இந்த ஊர் எப்படி விழா எடுத்தது என்பதற்கு அதுதான் ஆவணம். வௌவால் எச்சத்திலும் ஒழுக்கிலும் அழிந்துகொண்டிருந்த விதானத்தை வல்லுநர்கள் சுத்தப்படுத்தி மீட்டார்கள். வி.கே. ராஜாமணி எடுத்த படங்களோடு டேவிட் ஷுல்மன் சேர்ந்து செய்த நூல் 2011-இல் வந்தது.

ஓவியம், சிற்பம், நாட்டியம், இசை என்று தனித்தனிப் பெட்டிகளில் வைத்துப் பார்ப்பது நமக்குப் பிற்காலத்தில் வந்த பழக்கம். தெப்பம் கட்டுகிறவரின் துணிச் சிற்பமும் தண்ணீரில் இறங்கியவரின் முடிச்சும் நாதஸ்வரக்காரரின் தோடியும் சேர்ந்தால்தான் இங்கே விழா.

நிற்கும் மேடையும் நகரும் மேடையும்

தண்ணீரில் மேடை போடுவது வேறிடத்திலும் உண்டு. ஆஸ்திரியாவில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் பிரெகென்ஸ் என்று ஒரு சின்ன நகரம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒரு வருடத்தில், 1946-இல், அந்த ஊர்க்காரர்கள் இசை விழா நடத்த ஆசைப்பட்டார்கள். தகுந்த அரங்கம் இல்லை. சரளைக்கல் ஏற்றும் இரண்டு படகுகளைக் கரையோரம் நிறுத்தி, ஒன்றில் மேடை, மற்றொன்றில் வாத்தியக்காரர்கள் என்று மோட்சார்ட்டின் நாடகம் ஒன்றை நடத்தினார்கள். இன்று அதுவே பிரெகென்ஸ் விழா. ஏரிக்குள் தூண் நட்டு எழுப்பிய பிரம்மாண்ட மேடை, கரையில் ஏறக்குறைய 7,000 இருக்கைகள். ஒவ்வொரு தயாரிப்பையும் இரண்டு கோடைகள் நடத்துகிறார்கள். உலகம் முழுவதிலிருந்தும் டிக்கெட் வாங்கி வருகிறார்கள்.

அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. போரில் நொறுங்கிய ஒரு தேசத்தின் ஊர் முதலில் பாட்டைத் தேடியது என்பதே கையெடுத்துக் கும்பிடத் தக்கது. ஆனால் அங்கே மேடை நிற்கிறது, ஆட்கள் அதன் முன் போய் உட்கார்கிறார்கள். முன்வரிசை உண்டு, பின்வரிசை உண்டு, விலை வித்தியாசம் உண்டு. நம் ஊரில் மேடை நகர்கிறது. நாலு கரைக்கும் ஒரே கச்சேரி, நாலு கரையும் ஒரு சமயம் முன்வரிசை, ஒரு சமயம் பின்வரிசை. சீட்டு இல்லை. முதல் சுற்றில் விட்டதை இரண்டாம் சுற்றில் பிடிக்கலாம், இன்றைக்கு விட்டதை நாளைக்கு.

இந்தப் படிகளில் எல்லோரும் எக்காலத்திலும் தோளோடு தோள் உட்கார்ந்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசமும் 1947-இன் சட்டமும் வரும்வரை கோயிலுக்குள் காலெடுத்து வைக்க முடியாத மக்கள் இந்த நாட்டின் ஊர்தோறும் இருந்தார்கள். குளத்துப் படிகளிலும் சாதி உட்கார்ந்திருந்தது. ஆனாலும் காற்றில் வரும் நாதஸ்வரத்துக்கு யாராலும் கோடு போட முடியவில்லை. இன்று அந்தப் படிகளில் யார் பக்கத்தில் யார் என்று கேட்பவர் இல்லை. போராடிப் பெற்ற இடம் அது என்பதை மறக்காமல் உட்கார வேண்டும்.

தண்ணீர் இல்லாத தெப்பம்

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டியது, பக்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி. தைப்பூசத் தெப்பத்துக்கு மீனாட்சி சுந்தரேசுவரர் எழுந்தருளும் அந்தக் குளம் பல வருடங்கள் வறண்டு கிடந்து, தெப்பம் தரையில் நிற்க, நிலைத்தெப்பமாக விழா நடந்தது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய இடத்தில் சுவாமி வந்து நின்றார். வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாயைச் சரிசெய்து நீரைக் கொண்டுவந்த பிறகுதான் தெப்பம் மறுபடி மிதந்தது. மைலாப்பூரிலும் மன்னார்குடி ஹரித்ரா நதியிலும் தெப்பம் ஓடுகிறது என்றால், அங்கெல்லாம் யாரோ நீரைக் காத்திருக்கிறார்கள் என்று பொருள்.

கமலாலயத்துக்குத் தண்ணீர் ஓடம்போக்கி ஆற்றிலிருந்து வருகிறது. ஓடம்போக்கிக்குக் காவிரியிலிருந்து வருகிறது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. தெப்பம் கோடையில். ஆறு காய்ந்து கிடக்கும் மாதங்களில், போன மழைக்கும் போன பாசனத்துக்கும் சேர்ந்த நீரை வைத்துத்தான் குளம் ததும்ப வேண்டும். வரத்து வாய்க்கால் ஒரு முழம் அடைபட்டாலும் தெப்பத்துக்கு ஓர் அடி தண்ணீர் குறையும். குளம் நிறைந்திருந்தால் சுற்றியிருக்கும் தெருக்களின் கிணறுகளிலும் நீர் ஏறும் என்பது கரையில் குடியிருக்கும் எவருக்கும் தெரிந்த உண்மை. 2021 மழைக்காலத்தில் குளத்தின் சுற்றுச்சுவர் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. கட்டிவிட்டோம், இனி கவலையில்லை என்று எந்தக் குளத்தையும் விட்டுவிட முடியாது.

தண்ணீருக்கு அடுத்து என் கவலை ஓசையைப் பற்றியது. கரைகளில் கட்டும் ஒலிபெருக்கிகள் பெருகிவிட்டன. தெப்பத்தில் வாசிப்பது ஒரு பக்கம், கரையில் குழாய் அலறுவது மறுபக்கம். எல்லாக் கரைக்கும் ஒரே சமயத்தில் ஒரே சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால் தெப்பம் எதற்காக நகர வேண்டும்? தூரத்திலிருந்து வருவது, நெருங்குவது, பிரிவது, இந்த மூன்றும்தான் தெப்பக் கச்சேரியின் சுகம். வாய்ப்பாட்டுக்குத் தெப்பத்தின்மேல் மைக் தேவைப்படலாம். நாதஸ்வரத்துக்குத் தேவையே இல்லை. மூன்று இரவில் ஒரு சுற்றாவது, ஒரே ஒரு சுற்றாவது, கரைக் குழாய்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஒரு ஜோடி நாதஸ்வரத்தையும் ஒரு ஜோடித் தவிலையும் மட்டும் வாசிக்கவிட்டுப் பாருங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வாசிக்கிறவர்களைப் பற்றியும் பேச வேண்டும். சென்னையின் மார்கழி மேடைகளில் நாதஸ்வரத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது தொடக்க நாளின் மங்கல இசை. ஆட்கள் வந்து நாற்காலி தேடிக்கொண்டிருக்கும் நேரம் அது. கல்யாணத்தில் கெட்டிமேளத்துக்கு மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள். கோயில் சம்பளத்தை நம்பி ஒரு தவில்காரர் குடும்பம் நடத்த முடியாது. இத்தனைக்கு மத்தியிலும் டெல்டாவில் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்கிறார்கள். அவர்களுக்குக் கனவு காண ஒரு மேடை வேண்டும். தெப்பம் அந்த மேடையாகட்டும். திருவாரூர்த் தெப்பத்தில் வாசித்தவர் என்று ஒரு கலைஞரின் பெயருக்கு முன்னால் போட்டால் அதற்கு ஒரு மதிப்பு வர வேண்டும், அந்த மதிப்புக்கு ஏற்ற சன்மானமும் வர வேண்டும்.

கோயில் நிர்வாகத்திடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் நான் கேட்பது மூன்றுதான். வரத்து வாய்க்காலை விழாவுக்கு முந்திய வாரம் மட்டும் பார்க்காமல் வருடம் முழுக்கப் பாருங்கள். கரை ஒலிபெருக்கிகளைக் குறையுங்கள். அழைப்பிதழில் வாசிப்பவர் பெயரோடு தெப்பம் கட்டுபவர்கள் பெயரையும் அச்சிடுங்கள். சிங்காதனம் முந்நூறு வருடத்துக்கு முன் தம் பெயரை எழுதிக்கொண்ட ஊர் இது.

வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆழித்தேருக்குப் போய்வந்தவர்கள் தெப்பத்துக்கும் ஒரு முறை போங்கள். இருட்டுவதற்கு முன்பே போய் மேல்கரைப் படியில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், விரிக்க ஒரு துண்டும் குடிக்கத் தண்ணீரும் போதும். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம். மூன்றாவது சுற்று வரும்போது கரையில் கூட்டம் குறைந்திருக்கும், வாசிப்பு நன்றாக இருக்கும். அதற்காகக் காத்திருங்கள்.